கப்பல் என்று படித்தான், தப்பல் என்று கேட்டோம்: வாசிப்புச் சோதனையில் நேர்ந்த ஒரு மதிப்பெண் பிழை

பின்னணி

தமிழில் வாசிக்கக் கற்கும் குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு முடியும்வரை பின்தொடரும் ஓர் ஆய்வை எங்கள் குழு நடத்தி வருகிறது. பள்ளிக்கு வரும்போதே குழந்தையிடம் இருக்கும் பேச்சுத் திறன்களில் எவை பின்னாளைய வாசிப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியே உட்காரவைத்து எழுத்தறிவு, சொல் வாசிப்பு, போலிச்சொல் வாசிப்பு, போலிச்சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், படங்களை வேகமாகப் பெயரிடுதல், கதை கேட்டுப் பதில் சொல்லுதல் எல்லாவற்றையும் சோதிப்போம். போலிச்சொல் என்பது பொருளில்லாத, ஆனால் தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலிக்கும் எழுத்துக் கோவை, ‘நமுவாதி’ மாதிரி. எந்தக் குழந்தையும் அதை முன்பு பார்த்திருக்காது. மனப்பாடமும் ஊகமும் அங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்தால்தான் படிக்க முடியும்.

அந்த ஆய்வில் சேர்ந்த ஒரு சிறுவனைப் பற்றியது இந்த அறிக்கை. பெற்றோரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சேர்ந்தபோது அவனுக்கு ஆறு வயது ஐந்து மாதம். முதல் சொல் இரண்டு வயதை ஒட்டித்தான் வந்தது என்றார் அம்மா. இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச மூன்று வயதாகிவிட்டது. நாலரை வயதுவரை வெளியாட்களுக்கு அவன் பேச்சு பிடிபடவில்லை. “காக்காவக் காட்டி ‘தாத்தா’ம்பான் மேடம். எங்க மாமனாரு திரும்பிப் பாப்பாரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

க வரிசை ஒலிகளைத் த வரிசையாகச் சொல்வது சின்னக் குழந்தைகளிடம் சாதாரணம். ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டும், ‘த’வுக்கு நுனி பல்லைத் தொட்டால் போதும். பெரும்பாலானவர்களிடம் நாலு வயதுக்குள் இது தானாக மறைந்துவிடும். இவனிடம் மறையவில்லை. நாலரை வயதில் சில மாதம் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். குடும்பம் வீடு மாறியபோது அது நின்றுபோனது. பள்ளியில் சேர்ந்தபோது, நிதானமாகச் சொல்லச் சொன்னால் ‘க’ வரும். வேகமாகப் பேசினாலோ, கவனம் வேறெதிலாவது இருந்தாலோ ‘த’ ஆகிவிடும். ‘ர’வும் அப்படித்தான், ‘ல’ பக்கம் சாயும்.

ஒப்புதல் படிவத்தில் வகுப்பாசிரியர் குறிப்பெழுத ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் எழுதியிருந்தது: “படிப்பதைப் புரிந்துகொள்கிறான். சத்தமாகப் படித்தால்தான் தடுமாறுகிறான்.” அந்த வரியை நான் படித்தேன். கோப்பில் வைத்தேன். மறந்துவிட்டேன்.

முதல் இரு சோதனைகள்

சொல் வாசிப்புக்கு 40 சொற்கள், போலிச்சொல்லுக்கு 20. முதல் சோதனையில் அவன் எடுத்தது சொல்லில் 14, போலிச்சொல்லில் 4. ஏழு மாதம் கழித்து, ஏழு வயது நிறைந்திருந்தபோது நடந்த இரண்டாவது சோதனையில் 17, 5. அவனோடு சேர்ந்த மற்றக் குழந்தைகள் அதற்குள் நன்றாக முன்னே போயிருந்தார்கள். இரண்டு முறையும் எங்கள் பட்டியலின் கடைசி வரிசையில்தான் அவன் இருந்தான்.

கதை கேட்டுப் பதில் சொல்வதில் மட்டும் வகுப்பில் நடுவுக்கும் மேலே நின்றான். கேட்டால் புரிகிறது, படித்தால் வரவில்லை. கஃபும் டன்மரும் 1986-இல் முன்வைத்த எளிய மாதிரி, வாசித்துப் புரிந்துகொள்வதை இரண்டு காரணிகளின் பெருக்கமாகப் பார்க்கிறது: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, கேட்டுப் புரியும் திறன் இன்னொன்று. அந்தக் கணக்கில் இவனுக்கு இரண்டாவது சரி, முதலாவது பழுது. படம் தெளிவாக இருந்தது. தெளிவாக இருந்ததுதான் வினை.

எங்கள் மனதில் இன்னொன்றும் இருந்தது. பிஷப், ஆடம்ஸ் இருவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. மொழிச் சிக்கல் ஐந்தரை வயதுக்குள் தீர்ந்துவிட்ட குழந்தைகள் பிறகு வாசிப்பில் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். தீராதவர்கள் வாசிப்பிலும் திணறினார்கள். இவன் ஐந்தரை தாண்டியும் ‘தாத்தா’ பறக்கிறது என்று சொன்னவன். வாசிப்பில் பின்தங்குவான் என்று முதல் நாளே எதிர்பார்த்தோம். அதனால் மதிப்பெண் குறைந்தபோது யாரும் புருவம் உயர்த்தவில்லை.

மதிப்பெண் போடும் விதி இதுதான்: உரக்கப் படித்தது அச்சில் உள்ளதோடு ஒத்தால் 1, ஒக்காவிட்டால் 0. குழந்தை என்ன சொன்னது என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. ஒலிப்பதிவு இருந்தது, ஆனால் அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை; இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியே மதிப்பெண் போடுவதால் தேவையில்லை என்று நினைத்தோம். இவன் தாளில் 40 சொற்களில் 39-இல் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள். அந்த 39-ஐப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். இரண்டு பேரும் ஒரே விதமாகத் தவறியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

இடைப்பட்ட ஏழு மாதம்

மிகக் குறைந்த மதிப்பெண் வரும் குழந்தைகளின் பெயரைப் பெற்றோர் சம்மதத்தோடு பள்ளிக்குத் தெரிவிப்பது எங்கள் நடைமுறை. முதல் சோதனை முடிந்ததும் இவன் பெயரும் போனது. பள்ளி தன் வழக்கப்படி அவனை மதியம் நடக்கும் சிறப்பு வகுப்பில் சேர்த்தது. அங்கே உயிர்மெய் அட்டவணையை முதலிலிருந்து ஓதவைத்தார்கள். க, கா, கி, கீ என்று தொடங்கி வரிசை வரிசையாக.

அவன் அதை நன்றாக ஓதினான். ராகத்தோடு, 18 வரிசையும். பிறகு ஒருநாள் நான் போய்ப் பார்த்தபோது, அட்டவணையிலிருந்து ‘மெ’யை மட்டும் வெட்டியெடுத்த ஓர் அட்டையைக் காட்டினேன். பதில் உடனே வரவில்லை. மேசைக்கு அடியில் விரல் மடங்குவது தெரிந்தது. உதடு அசைந்தது: ம, மா, மி, மீ, மு, மூ, மெ. ஏழாவது விரலில் நின்று, “மெ” என்றான். எழுத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அது வரிசையில் எத்தனையாவது என்பது தெரியும், அதை எண்ணிப் பிடித்தான். ஏழு மாதத்தில் அவன் கற்றது ஒரு பாட்டு.

சிறப்பு வகுப்பு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. “வாசிப்பு குறைவு” என்று மட்டும்தான் நாங்கள் எழுதியனுப்பினோம். எதில் குறைவு, எப்படிப்பட்ட குறைவு என்று ஒரு சொல் இல்லை.

ஒலிப்பதிவில் கேட்டது

இரண்டாவது சோதனைக்குப் பிறகு குழுவில் ஓர் உதவியாளர் புதிதாகச் சேர்ந்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே குழந்தைகள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளக்கும் வேறொரு வேலைக்காக அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். இவனுடைய பதிவை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். “மேடம், இவன் தப்பல்னு படிக்கிறான். ஆனா நிக்கவே இல்ல, சரளமா வருது. தெரியாத சொல்லுன்னா நிப்பானே?”

பதிவை இருவரும் சேர்ந்து கேட்டோம். கப்பல், ‘தப்பல்’ என்று வந்தது. பக்கம், ‘பத்தம்’. சக்கரம், ‘சத்தலம்’. எல்லாவற்றுக்கும் தாளில் சுழி.

மறுநாள் பள்ளிக்குப் போய் உதவியாளர் அவனோடு பேசினார். கையில் கப்பல் என்று எழுதிய அட்டை.

“தம்பி, இது என்ன?”

“தப்பல்.”

“தப்பலா?”

“இல்ல மிஸ். தப்பல்!”

“ஓ... கப்பலா?”

“ஆமா, தப்பல். தடல்ல போகும்ல, அது.”

இதற்கு அச்சு அசலாக ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பெர்கோ, பிரவுன் இருவரும் 1960-இல் பதிவுசெய்தது. ஆங்கிலம் பேசும் ஒரு குழந்தை தன் பொம்மை மீனை ‘ஃபிஷ்’ என்று சொல்ல வராமல் ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர் ‘ஃபிஸ்ஸா?’ என்று கேட்டால் மறுத்தது. ‘ஃபிஷ்’ என்றதும்தான், ஆமாம், என் ‘ஃபிஸ்’ என்று ஒப்புக்கொண்டது. குழந்தையின் காதுக்குத் தெரிந்த வேறுபாட்டை வாய் காட்டவில்லை. மாணவர்களுக்கு நான் பல ஆண்டு பாடமாக நடத்திய எடுத்துக்காட்டு அது. என் சொந்த மதிப்பெண் தாளில் அதை அடையாளம் காண, வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒருவர் வரவேண்டியிருந்தது.

மறுமதிப்பீடு

இரண்டாவது சோதனையின் பதிவை முழுவதும் எழுத்தில் பெயர்த்து, தவறு என்று போட்ட 23 சொற்களையும் மூன்றாகப் பிரித்தோம்.

அவனுடைய வழக்கமான பேச்சுப் பிழையால் மட்டும் மாறியவை 9. அதே சொல்லைப் படத்தைக் காட்டிக் கேட்டாலும் அதே மாதிரிதான் சொன்னான் என்பதை உறுதிசெய்த பிறகே இந்தப் பட்டியலில் சேர்த்தோம். ஆக, இவை சரியாகப் படித்தவை. மதிப்பெண் 17-லிருந்து 26 ஆனது.

பேச்சு வழக்கில் சொன்னவை 3. ‘அதற்கு’ என்பதை ‘அதுத்து’ என்றான். ‘அதுக்கு’ என்று சொல்ல வந்தது அது. ‘வருகிறான்’ ‘வலான்’ ஆனது. ‘இருக்கிறது’ என்பதற்கு அவன் சொன்னது ‘இலுத்து’. எழுத்து வழக்கு பேச்சு வழக்காகி, ‘ரு’ ‘லு’வாகி, ‘க்கு’ ‘த்து’வாகி, மூன்று மாற்றம் ஒரே சொல்லில். கேட்பவருக்கு அது எந்தச் சொல் என்றே தெரியாது. ஆனால் அவன் அச்சில் இருந்த சொல்லை அடையாளம் கண்டிருக்கிறான். தன் வீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறான். எழுதும் தமிழும் பேசும் தமிழும் இத்தனை விலகி நிற்கும் மொழியில் இதைச் சரி என்பதா, தவறு என்பதா? எழுத்து எழுத்தாகப் படித்திருந்தால் ‘கிற’ விடுபட்டிருக்காது என்பதும் உண்மை. அதனால் இந்த மூன்றையும் எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனியே வைத்தோம்.

மீதி 11 உண்மையான வாசிப்புப் பிழைகள். அவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ‘மொட்டு’ ‘மெட்டு’ ஆனது. ‘தோட்டம்’ ‘தேட்டம்’ ஆனது. கொம்பை முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் வைத்து எழுதும் எழுத்துகளில் கொம்பைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடுகிறான், கால் கண்ணில் படவே இல்லை. ‘பாட்டு’ ‘பட்டு’ ஆனது. ‘பட்டம்’ ‘படம்’ ஆனது. புள்ளி வைத்த எழுத்தை விழுங்கிவிட்டான். ‘க’வுக்கும் ‘ர’வுக்கும் இவற்றில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொரு முறை தவற இருந்தோம்

26 என்று மாறியதும் குழுவில் ஒரு பெரிய மூச்சு விட்டோம். அவனுக்கு வாசிப்பில் சிக்கலே இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று பள்ளிக்குக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது. ஒரு பிழையைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் எதிர்த்திசையில் ஓடுவது எளிது.

தடுத்தது போலிச்சொல் மதிப்பெண். அதையும் இதே முறையில் பிரித்துப் பார்த்தபோது 5-லிருந்து 7-தான் ஆனது. 20-இல் 13 இன்னும் தவறு. சொல் தெரிந்ததாக இருந்தால் ஊகித்துப் பிடிக்கிறான். ஊகிக்க வழியில்லாவிட்டால் கைவிட்டுவிடுகிறான். கேட்டுப் புரியும் திறன் நன்றாக இருந்ததால் ஊகமும் நன்றாக வேலைசெய்திருக்கிறது.

அடுத்த கேள்வி, திருப்பிச் சொல்லும் சோதனையைப் பற்றியது. அதிலும் அவன் மதிப்பெண் குறைவு. ஆனால் வாய் வழியாகச் சொல்லவேண்டிய எந்தச் சோதனையையும் இப்போது நம்ப முடியாது. ஆகவே ப, ம, ந, த, வ ஆகிய ஐந்து மெய்களை மட்டும் வைத்து, அவனுக்குச் சிரமமே இல்லாத ஒலிகளால் புதிய பட்டியல் ஒன்றை உருவாக்கினோம். இரண்டு அசை, மூன்று அசைச் சொற்களைச் சரியாகச் சொன்னான். நாலசையில் உடைந்தது. ‘பெதாமுவி’ என்றால் ‘பெமுவி’ என்றான். மறுபடி சொன்னபோது, ‘பெதாவி’. நடுவில் ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் கழன்று விழுந்தது. ஆக, கேட்ட ஒலியை வரிசை குலையாமல் மனதில் நிறுத்துவதிலேயே அவனுக்குச் சிரமம் இருந்தது. அது வாயின் குறை அல்ல.

பேசத் தேவையில்லாத ஒரு சோதனையும் வைத்தோம். நான் சொல்லைச் சொல்வேன், அவன் மூன்று அட்டைகளில் சரியானதைத் தொட வேண்டும். கப்பல், தப்பல், சப்பல் மூன்றில் கப்பலைத் தயங்காமல் தொட்டான். மொட்டு, மெட்டு, மோட்டு மூன்றில் கை அலைந்தது.

காதுப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் அந்த வாரம்தான் செய்தோம். இரண்டும் சரி. ஆய்வில் சேர்த்த நாளிலேயே கேட்டிருக்க வேண்டியது.

எடுத்த முடிவுகள்

அவனிடம் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தோம். ஒன்று நாவில் மிஞ்சியிருக்கும் பழைய பேச்சுப் பிழை; அது கேட்பவரைக் குழப்புகிறது, வாசிப்பைக் கெடுக்கவில்லை. மற்றது சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் நினைவில் வைப்பதிலும் உள்ள பலவீனம். இதுதான் வாசிப்பைப் பிடித்திழுக்கிறது. முதலாவதை வைத்து இரண்டாவதை அளந்ததில் இரண்டுமே தப்பாகத் தெரிந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். அது ஆய்வாளர்களுக்கு முக்கியம். திங்கட்கிழமை காலை அவனோடு என்ன செய்வது என்பதற்கு, தனித்தனியாகப் பார்ப்பதே உதவியது.

அட்டவணை ஓதுவதை நிறுத்தச் சொன்னோம். சிறப்பு வகுப்பு ஆசிரியர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை: “வரிசை தெரியாம எப்படி மேடம் எழுத்து வரும்?” நியாயமான கேள்வி. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்து இருக்கிறது. வரிசை இல்லாமல் அதைக் கட்டி மேய்க்க முடியாது என்பது பல தலைமுறை அனுபவம். ஆனால் வரிசையைச் சொல்லத் தெரிவதும், வரிசை உருவான விதம் புரிவதும் வேறு வேறு. விரல் மடக்கி எண்ணியதை அவருக்கு நடித்துக் காட்டினேன். பிறகு அவரே நாலைந்து குழந்தைகளிடம் எழுத்தைக் கலைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அசை எழுத்துமுறையில் கற்கும் குழந்தைகளுக்குத் தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது என்பதைக் கன்னடத்தில் சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஓர் எழுத்து பெரும்பாலும் ஓர் அசையாக இருக்கும்போது, அதற்குள் இரண்டு ஒலி இருக்கிறது என்று யோசிக்கவேண்டிய அவசியம் குழந்தைக்கு வருவதில்லை. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு: புள்ளி. மெய்யைத் தனியே எழுதிக் கண்ணால் காட்டலாம். ம், பிறகு ஆ; சேர்த்தால் மா. இதைத்தான் பயிற்சியின் அச்சாக வைத்தோம்.

பேச்சுப் பிழைக்குத் தனியே ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினோம். தனிச் சொல்லில் ‘க’ ஏற்கெனவே வருவதால், தொடர்ந்து பேசும்போது அதை நிலைக்கவைப்பதே அவருடைய வேலை. வாசிப்புப் பயிற்சி நேரத்தில் யாரும் ‘க’வைத் திருத்தக் கூடாது என்றும் முடிவுசெய்தோம். ஒரே நேரத்தில் இரண்டையும் திருத்தினால், சரியாகப் படித்ததற்கும் திட்டு விழும். எதற்காகத் திருத்துகிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாமல் போகும். அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது.

பெயர் சூட்ட வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. “டிஸ்லெக்சியாவா மேடம்?” என்று அப்பா நேரடியாகவே கேட்டார். எழுத்தைப் படிப்பதில் தொடர்ந்து சிரமம் தரும் கற்றல் குறைபாடு அது. சரியான பயிற்சி ஒரு நாள்கூடக் கிடைக்காத குழந்தைக்கு அந்தப் பெயரை அவசரப்பட்டு வைக்க எனக்கு மனமில்லை. பயிற்சிக்கு எப்படிப் பதில் தருகிறான் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

பயிற்சி

வாரம் நாலு நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம், 14 வாரம். விடுமுறையில் ஒரு வாரம் விட்டுப்போனது.

முதல் சில வாரம் எழுத்துச் சில்லுகள்தான். புள்ளி வைத்த மெய் ஒரு நிறம், உயிர்க் குறி இன்னொரு நிறம். ‘ப்’ சில்லை நடுவில் வைத்து, துணைக்காலைப் பக்கத்தில் கொண்டுவந்தால் புள்ளி மறைந்து ‘பா’ ஆகும். காலை எடுத்துவிட்டு இரட்டைக் கொம்பை முன்னால் வைத்தால் ‘பே’. இரண்டையும் வைத்தால்? முதல் நாள் “பேஆ” என்றான். மோசமான பதில் இல்லை அது. கண்ணில் பட்ட இரண்டையும் படித்துவிட்டான், இரண்டும் சேர்ந்தால் ஒரே உயிர் என்பதுதான் தெரியவில்லை. கொம்பையும் காலையும் ஒரே பட்டையில் ஒட்டி, நடுவில் மட்டும் ஓர் ஓட்டை விட்டு, மெய்ச் சில்லை அந்த ஓட்டைக்குள் செருகும்படி செய்து கொடுத்தோம். ஐந்தாறு நாளில் ‘தோ’, ‘மோ’, ‘போ’ சரியாகிவிட்டது. ஒகரக் குறில் மட்டும் இன்னும் சில வாரம் இழுத்தது.

பிறகு சொல்வதெழுதுதல், சில்லுகளால். நான் போலிச்சொல்லைச் சொல்வேன், அவன் அடுக்குவான். பேசவே தேவையில்லை. முதலில் இரண்டசை, பிறகு மூன்று. ஒலி கழன்று விழுவதை அவனே கண்ணால் பார்க்க இது உதவியது: ‘அசைக்கு ஒன்றாக மூன்று தட்டு தட்டினேன், இரண்டு எழுத்துதான் இருக்கிறது’ என்று தானே நிறுத்தித் திரும்பத் தொடங்குவான்.

வீட்டில் அம்மா தினமும் பத்து நிமிடம் சேர்ந்து படித்தார். ஒரு வரி அவர், ஒரு வரி இவன். ‘இருக்கிறது’ என்று இருப்பதை ‘இருக்கு’ என்று படித்தால் தவறு என்று சொல்லாமல், “புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பாரு” என்று மட்டும் கேட்கும்படி சொன்னோம்.

விளைவு

பயிற்சி முடிந்தபோது அவனுக்கு ஏழு வயது ஐந்து மாதம். புதிய முறையில் மதிப்பெண் போட்டோம். சொல் வாசிப்பு 26-லிருந்து 33, பேச்சு வழக்கில் சொன்னவை 2, தவறு 5. போலிச்சொல் 7-லிருந்து 12. ‘மெ’ அட்டையைக் காட்டினால் விரல் மடங்கவில்லை.

மாறாதவையும் உண்டு. நாலசைப் போலிச்சொல்லைத் திருப்பிச் சொல்வதில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறான். படங்களை வேகமாகப் பெயரிடுவதிலும் முன்னேற்றம் இல்லை. சரியாகப் படிக்கிறான், ஆனால் மெதுவாக. ஒரு நிமிடத்தில் படிக்கும் சொற்கள் 21-லிருந்து 27 ஆனது, வகுப்பின் வேகத்துக்கு அது போதாது. இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு ஐந்து மாதம் வளர்ந்ததால் வந்தது என்று ஒரே குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது. முந்தைய ஏழு மாதத்தில் இதே வளர்ச்சி வரவில்லை என்பது மட்டும் உண்மை.

தொடர்ந்து பேசும்போது ‘க’ பெரும்பாலும் நிலைத்துவிட்டது. களைப்பாக இருக்கும்போது இன்னும் நழுவுகிறது.

ஆய்விலும் வேலை வந்தது. மொத்தம் 84 குழந்தைகளின் பதிவுகளையும் மறுபடி கேட்டோம். இவனைத் தவிர 6 பேரின் மதிப்பெண் மாறியது. அதில் 2 பேர் கடைசி வரிசையிலிருந்தே வெளியே வந்தார்கள். பேச்சுச் சிக்கலுக்கும் வாசிப்புக்கும் எங்கள் தரவில் தெரிந்த தொடர்பு சற்றுக் குறைந்தது. ஒரே பேச்சுப் பிழையைப் பேச்சுச் சோதனையிலும் வாசிப்புச் சோதனையிலும் எண்ணியிருந்தோம். தொடர்பு தெரியாமல் எப்படி இருக்கும்?

பெற்றோரிடம் சொன்னது

எல்லாவற்றையும் பெற்றோரிடம் சொல்வது என்று முடிவுசெய்து வரச்சொன்னோம். மறுமதிப்பீடு முடிந்த வாரமே, பயிற்சி தொடங்குவதற்கு முன்பு. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ ஏழு மாசம் அவன் அந்த வகுப்புல சும்மாவா உக்காந்திருந்தான்?” என்றார்.

ஆமாம் என்றேன். மழுப்பாமல் அதைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்த மாதங்களில் அவன் விளையாட்டுப் பாடவேளைகளை இழந்திருக்கிறான் என்பதும், “எனக்குப் படிப்பு வராது” என்று வீட்டில் சொல்லத் தொடங்கியிருந்தான் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் படிவங்களில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

இனி செய்வது

வாசிப்புச் சோதனைக்கு முன்பே அதே சொற்களில் சிலவற்றைப் படம் காட்டிச் சொல்லவைக்கிறோம். குழந்தையின் வாய் எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கண்ணைச் சோதிக்கிறோம். மதிப்பெண் தாளில் 1, 0 என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக, குழந்தை சொன்னதை அப்படியே எழுத ஓர் இடமும், பேச்சு, வழக்கு, வாசிப்பு என்று பிரிக்க மூன்று கட்டங்களும் வந்துவிட்டன. நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. சோதனை செய்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ‘ழ’வை ‘ள’ என்று சொல்வதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. என் கருத்தில், வீட்டில் எல்லோரும் அப்படிச் சொன்னால் அது பிழையே இல்லை.

வாயைத் திறக்காமல் பதில் சொல்லும் சோதனை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயம். ஆசிரியரின் குறிப்பு இப்போது முதல் பக்கத்தில் இருக்கிறது. மதிப்பெண் அதோடு முரண்பட்டால் ஒலிப்பதிவைக் கேட்காமல் கோப்பை மூடுவதில்லை. ஆய்வுக்காக எடுத்த மதிப்பெண்ணை ஒற்றை வரியில் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். அனுப்பவேண்டி வந்தால் குழந்தை செய்த பிழைகளின் மாதிரியோடுதான் போகிறது.

நாங்கள் தலையிட்டுப் பயிற்சி கொடுத்துவிட்டதால் இந்தச் சிறுவனின் தரவை இனிக் குழுக் கணக்கில் சேர்க்க முடியாது. மூன்றாவது சுற்றிலிருந்து நீக்கிவிட்டோம். நான்காம் வகுப்புவரை சோதனை மட்டும் தொடரும், அவனுக்காக. அவனுடைய வேகம் குறைவாகவே நின்றுவிட்டால், அப்பா கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.